எழுபத்திரண்டாவது கம்பி

ஜூன் 14

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாலாம் வகுப்பு 'அ' பிரிவில் இரண்டாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்காரும் பெண்ணின் அப்பா எழுதுவது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. வீட்டில் அவள் பொத்தான். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். இப்போது வாய் மட்டும் வளர்ந்திருக்கிறது. நான் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. எட்டாவதை இரண்டு தடவை படித்தேன் என்பதால் அதில் மட்டும் கொஞ்சம் ஆழம் அதிகம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, "ஏழெட்டு எவ்வளவு?" என்று அவளிடம் கேட்டேன். அவள் உடனே பென்சிலைத் தேடினாள். "இருப்பா. ரெண்டு ஏழு பதினாலு. அதை ரெண்டு மடங்காக்கினா நாலு ஏழு, இருபத்தெட்டு. அதையும் ரெண்டு மடங்காக்கினா..." என்று கோழி கிளறின மாதிரி ஒரு பக்கம் எழுதி, கடைசியில் ஐம்பத்தாறு என்றாள். விடை சரிதான். ஆனால் என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

நாங்கள் படித்த காலத்தில் வாத்தியார் 'ஏழெட்டு' என்று முடிப்பதற்குள் ஐம்பத்தாறு வந்து விழும். விழாவிட்டால் முதுகில் விழும். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிப்பேன். என் மனைவி ஒரு தடவை எழுப்பிக் கேட்டும் பார்த்தாள்.

நீங்கள் வந்த பிறகு வாய்ப்பாடு ஒப்பிப்பதே இல்லையாம். மற்ற பெற்றோருக்கும் இதே கவலை. மருந்துக் கடைக்காரர் தலைமையில், கணக்குக்கு வேறு ஆசிரியர் வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். மனுவை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. உள்ளே சரக்கு இல்லாவிட்டாலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

உங்களுக்குத் தெரியாமல் எழுத மனசு ஒப்பவில்லை. தயவுசெய்து பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யவைத்துவிட்டால் எனக்கு ஒரு வெள்ளைத்தாள் மிச்சம்.

இப்படிக்கு,
பொத்தானின் அப்பா


ஜூன் 16

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னைப் பற்றிய புகார்க் கடிதங்கள் எனக்குப் பழக்கம்தான். யார் எழுதியது என்று தெரியாமல் வரும், எனக்கு வராமல் எனக்கு மேலே இருப்பவர்களுக்கு வரும். புகாரை எனக்கே எழுதி, பிள்ளை கணக்குப் போட்ட விதத்தையும் ஒரு வரி விடாமல் எழுதியனுப்பிய முதல் ஆள் நீங்கள். அதற்கு நன்றி.

நான் தற்காலிக ஆசிரியை. மனு போனால் என் வேலையும் போகலாம். அதனால் மனு எழுதாதீர்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, கேட்கவும் மாட்டேன்.

வேறு ஒன்று கேட்கிறேன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றுக்கு அவளே நடந்து போனாள். நாளைக்கு வழியில் மறந்துபோனாலும் திரும்ப நடந்து போய்விடுவாள். ஒரு வாரம் மட்டும் அவள் எந்த விடை சொன்னாலும் சரி, தப்பு என்று எதுவும் சொல்லாதீர்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். அவள் அதையே உங்களைக் கேட்டால் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

டீயை முதலில் குடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்பு 'அ' பிரிவு ஆசிரியை


ஜூன் 24

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு எப்போதும் பிறகுதான் உறைக்கும்.

முதல் மூன்று நாள் நான் கேட்டேன், அவள் சொன்னாள். நன்றாகத்தான் போனது. நாலாம் நாள் பட்டறைக்கு வந்தாள். நான் நாலடி அகல ஜன்னலுக்குக் கம்பி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை கம்பிப்பா?"

"பதினொண்ணு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு விதி இருக்கிறது டீச்சர். நீளத்தை நாலால் வகு, ஒன்றைக் கழி. நாற்பத்தெட்டு அங்குலத்தை நாலால் வகுத்தால் பன்னிரண்டு, ஒன்று போனால் பதினொன்று. என் பழைய முதலாளி சொல்லித்தந்தது. எப்படிச் சொல்லித்தந்தார் என்பதை என் காதைக் கேட்டால் தெரியும். பெருமையாக அவளிடம் சொன்னேன்.

"ஏன் ஒண்ணு கழிக்கிற?"

"கழிக்கணும்."

"அதான் ஏன்?"

"அது இரும்புக்குக் காட்டுற மரியாதை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அம்மாவின் பார்வை அது. ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாகக் கழித்துக்கொண்டே இருக்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. விதி என்னைக் கைவிட்டதும் இல்லை. ஆகவே இன்னமும் சொல்கிறேன், விதி தெரிந்தால் போதும். கம்பி ஜன்னலில் உட்கார்ந்தால் சரி.

அடுத்தது சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மனு போய்விட்டது. இருபத்து மூன்று கையெழுத்து. எழுதியவன் நான் என்பதால் முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். ஆகஸ்ட் இரண்டாம் தேதி பெற்றோர் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்களாம். நீங்கள் கோபப்பட்டால் நியாயம்தான். கோபத்தை என் மகள் மேல் காட்டமாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் செய்தேன் என்பதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அதுவே உங்களைப் பற்றி ஏதோ சொல்கிறது.

இப்படிக்கு,
பொத்தானின் அப்பா


ஜூன் 27

மதிப்பிற்குரிய ஐயா,

இரும்புக்குக் காட்டும் மரியாதை பற்றி உங்கள் மகள் வகுப்பில் சொன்னாள். முப்பத்து நாலு பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, காரணம் சொல்கிறேன்.

பள்ளியில் கணக்கில் எப்போதும் நான்தான் முதல். எதைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்துவிடுவேன். ஆசிரியப் பயிற்சியில் முதன்முதலாக வகுப்பு எடுத்த நாள், ஒரு பிள்ளை எழுந்து, "பின்னத்தால வகுக்கும்போது ஏன் டீச்சர் அதைத் தலைகீழாக் கவுக்கணும்?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷம் கவிழ்த்திருக்கிறேன், நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறேன், தெரியவில்லை. "அப்படித்தான் செய்யணும், உக்காரு" என்றேன். அது உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதையும் கேட்கவே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வீட்டுக்குப் போய்க் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி மூன்று நாள் உட்கார்ந்தேன். அரை முழக் காகிதத்தில் கால் முழம் எத்தனை தடவை அடங்கும் என்று பார்க்கப் பார்க்க, நான்காம் நாள் காலையில் புரிந்தது. அன்றைக்குத்தான் எனக்குக் கணக்கு வந்தது என்று சொல்ல வேண்டும்.

உங்கள் மனுவில் சொல்லியிருப்பது முழுக்கத் தப்பும் இல்லை. பக்கத்துப் பிரிவைவிட நான் இரண்டு பாடம் பின்தங்கியிருக்கிறேன். வாய்ப்பாடு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. நம் வீட்டுக்குப் போகும் வழியை யாரும் உட்கார்ந்து உருப்போடுவதில்லை; போய்ப் போய் வந்துவிடுகிறது. அப்படி வரட்டும் என்கிறேன். அதற்கு நாள் பிடிக்கிறது. அந்த நாள் எனக்குக் கிடைக்குமா என்பது ஆகஸ்ட் இரண்டாம் தேதிதான் தெரியும்.

உங்கள் மகள் மேல் கோபம் உண்டு. என் சாக்பீஸ்களை எண்ணி, அதிலும் கேள்வி கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஆசிரியை


ஜூலை 19

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுதுகிறேன் என்றாலும் மனசால் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பள்ளி மைதானத்தில் இருக்கும் வட்டத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ரெயிலிங் வைக்க எனக்கு வேலை தந்தார்கள். நூல் பிடித்து அளந்தேன். சுற்றளவு இருபத்து நாலு அடி, அதாவது இருநூற்று எண்பத்தெட்டு அங்குலம். நாலால் வகுத்தால் எழுபத்திரண்டு. இரும்புக்கு மரியாதை போக எழுபத்தொன்று. வெட்டினேன். சனிக்கிழமை காலையில் மைதானத்தில் உட்கார்ந்து, இடைவெளி மாறாமல் இருக்க அளவுத் துண்டை வைத்து வைத்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டு வந்தேன். எழுபத்தொன்றாவது கம்பியும் முடிந்தது. முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் நடுவில் எட்டு அங்குலச் சந்து.

உண்மையைச் சொல்கிறேன், நான் அதிர்ச்சி அடையவில்லை. எனக்கு இது பழக்கம். இதுவரை ஐந்து வட்ட வேலை செய்திருக்கிறேன். ஐந்திலும் கடைசிச் சந்து பெரிதாகத்தான் வந்தது. வட்டம் என்றால் அப்படித்தான், கொஞ்சம் கோளாறு பிடித்த வடிவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தை மறைக்கத் தகட்டில் ஒரு பூ வெட்டி வைத்துவிடுவேன். ஐந்திலும் பூ. அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பூ வைக்கிறவரைக் கூப்பிடு" என்று வேலை தந்தவர்களும் இருக்கிறார்கள். என் கலைத்திறமை என்று நானும் நம்பியிருந்தேன் டீச்சர்.

இந்தத் தடவையும் பையிலிருந்து பூவை எடுத்தேன். பொத்தான் எனக்குச் சோறு கொண்டுவந்தவள் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பூ எதுக்குப்பா?"

"அழகுக்கு."

"அங்க மட்டும் ஏன் அழகு?"

பிறகு எழுந்து, கம்பிகளை விரலால் தட்டிக்கொண்டே தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "அப்பா, இதுல ஓரம் எங்க இருக்கு?" என்றாள்.

வட்டத்துக்கு ஏது ஓரம் என்றேன். "அப்ப ஏன் கழிச்ச?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. நீங்கள் வகுப்பில் கைகோத்து நிற்கச் சொல்வீர்களாமே, அதைச் சொன்னாள். பத்துப் பேர் வரிசையாகக் கைகோத்து நின்றால் ஒன்பது பிடி; பிள்ளைதான் கம்பி, பிடிதான் சந்து. ஜன்னலில் இரண்டு பக்கச் சட்டங்களும் ஓரத்தில் நிற்கிற இரண்டு பிள்ளைகள் மாதிரி. அவர்களை விட்டுவிட்டு நடுவில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எட்டுப் பேர்தான், பிடி ஒன்பது. அதனால் ஒன்று குறைகிறது. "ஆனா வட்டமா நின்னா கடைசி ஆளும் முதல் ஆளும் கையப் பிடிச்சுக்குவாங்க இல்லப்பா. பத்துப் பேரு, பத்துப் பிடி. எதுக்குக் கழிக்கணும்?"

நான் அந்தச் சந்தைப் பார்த்தேன். எட்டு அங்குலம். நாலும் நாலும். சரியாக ஒரு கம்பிக்கு இடம். ஐந்து வட்டத்திலும் அப்படியேதான் இருந்திருக்கும். ஒரு கம்பி வெட்டி வைத்தால் முடிந்திருக்கிற வேலைக்கு, பத்தொன்பது வருஷமாகப் பூப் போட்டிருக்கிறேன்.

எழுபத்திரண்டாவது கம்பியை வெட்டி வைத்தேன். அளவுத் துண்டு இரண்டு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது. பொத்தான் கைகொட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. "சோறு ஆறுது" என்றாள். பெரிய காரியம் எதுவும் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது.

மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லித் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். கொடுத்தது கொடுத்ததுதான், கூட்டத்தில் பேசுங்கள் என்றார். பேசுகிறேன். என் மகள் செய்ததைச் சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
பொத்தானின் அப்பா


ஜூலை 21

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆசிரியர் அறையில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். எது எழுபத்திரண்டாவது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் உங்கள் மகளைப் பற்றிச் சொல்லாதீர்கள். "உங்க பொண்ணு கெட்டிக்காரி, எல்லாப் பிள்ளையும் அப்படியா" என்று முடித்துவிடுவார்கள். அவள் கெட்டிக்காரி என்பதற்காக நான் இப்படிச் சொல்லித்தரவில்லை. கடைசி வரிசையில் ஒரு பிள்ளைக்குக் கழித்தல் இன்னும் விரலில்தான் இருக்கிறது. போன வாரம் அது தன் தப்பைத் தானே கண்டுபிடித்தது. அதற்காகவும்தான் சொல்லித்தருகிறேன்.

கூட்டத்தின்போது நான் வெளியே இருக்க வேண்டும் என்று உத்தரவு. என்ன நடந்தது என்று பிறகு எழுதுங்கள். கூட்டிக் குறைக்காமல்.

அன்புடன்,
ஆசிரியை


ஆகஸ்ட் 3

அன்புள்ள டீச்சருக்கு,

கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன். குறைத்துச் சொல்ல வேண்டியது என் பேச்சு மட்டும்தான்.

மருந்துக் கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். "போன வருஷம் என் பையன் கணக்குல முதல். இப்ப ஒரு கூட்டல் கேட்டா கூரையப் பார்த்து யோசிக்கிறான். யோசிக்கிறதுக்கா சார் பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் இருக்கிற வேடிக்கை ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. இரண்டு மாதம் முந்தி எனக்கும் உறைத்திருக்காது.

பிறகு நான் எழுந்தேன். மகளைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று நீங்கள் கட்டிப்போட்டுவிட்டதால் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த முழியில்தான் அது தோன்றியது. "எல்லாருக்கும் ஒரு கேள்வி. வட்டமான தொட்டி, சுத்தளவு இருபத்து நாலு அடி. நாலு அங்குலத்துக்கு ஒரு கம்பி. மொத்தம் எத்தனை?" என்றேன்.

மருந்துக் கடைக்காரர் பட்டென்று எழுபத்தொன்று என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. தையற்கடைக்கார அம்மா எழுபத்திரண்டு என்றார். தலைமை ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "ஆரம்பக் கம்பிய மறந்துட்டீங்க, எழுபத்து மூணு" என்றார். அவ்வளவுதான். இருபது பெரியவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டால், அவரவர் எண்ணையே இன்னும் சத்தமாகச் சொன்னார்கள்.

"இதுல என்னங்க சண்டை, தொட்டி வெளியதானே இருக்கு, எண்ணிடலாம்" என்றார் ஒருவர். எல்லோரும் போனோம். தலைமை ஆசிரியர் எண்ணினார்: எழுபத்தைந்து. மருந்துக் கடைக்காரர் எண்ணினார்: அறுபத்தொன்பது. எந்தக் கம்பியில் ஆரம்பித்தோம் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. கடைசியில் தையற்கடைக்கார அம்மா ஒரு கம்பியில் கைக்குட்டையைக் கட்டிவிட்டு எண்ணினார். எழுபத்திரண்டு.

"சரி, ஏன்?" என்றார் தலைமை ஆசிரியர். அப்போது மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். மருந்துக் கடைக்காரரின் மகன் கூரையைப் பார்த்தான். கூரை இல்லாததால் வானத்தைப் பார்த்தான். "ஒவ்வொரு கம்பிக்கும் அதோட வலது பக்கத்து சந்து ஒண்ணு சொந்தம்ப்பா. மிச்சமும் இல்ல, குறையும் இல்ல. அப்ப கம்பியும் சந்தும் ஒரே எண்ணிக்கைதானே?" என்றான்.

என் மகள் சொன்னதுகூட இல்லை இது. வேறு வழி. அவனாகவே போன வழி.

மருந்துக் கடைக்காரர் மகனின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "ரொம்ப சந்தோஷம். ஆனா பரீட்சையில யாரும் தொட்டியச் சுத்தி வரச் சொல்லப்போறதில்ல" என்றார். அதற்கும் தலையாட்டினார்கள். நம் ஜனங்களுக்குத் தலை லேசு.

முடிவு இதுதான். பருவத் தேர்வு வரை நீங்கள் தொடரலாம். தேர்வில் உங்கள் வகுப்பின் கணக்குச் சராசரி பக்கத்துப் பிரிவைவிடக் குறையக்கூடாது. குறைந்தால் வேறு ஆசிரியர். நிபந்தனையைச் சொன்னவர் மருந்துக் கடைக்காரர். எழுதிக்கொண்டவர் தலைமை ஆசிரியர். எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டியவன் நான். வட்டத்தைத் தாண்டி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மன்னியுங்கள்.

அன்புடன்,
பொத்தானின் அப்பா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியவர்கள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். யாருடைய சாவியோ உள்ளே விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கிடைத்திருக்கிறது. அது போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் போன வாரத்தோடு பின்தங்கியிருந்த பாடங்களில் ஒன்றைப் பிடித்துவிட்டோம். புரிந்துகொண்ட பிள்ளைகள் அடுத்த பாடத்துக்கு ஓடித்தான் வருகிறார்கள்.

உங்கள் மகளுக்கு ஏழெட்டு இப்போது எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். இந்தத் தடவை டீ ஆறாது.

அன்புடன்,
ஆசிரியை


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

மதிப்பெண் நாளைக்குத்தான் ஒட்டுவார்கள். அதற்குமுன் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் சராசரி அறுபத்து நாலு. பக்கத்துப் பிரிவு அறுபத்தாறு.

காரணம் ஒரே கேள்வி. 'இருநூறு அடி நீளமுள்ள ஒரு சாலையின் ஓரத்தில் பத்து அடிக்கு ஒரு மரம் நட்டால் எத்தனை மரங்கள்?' ஐந்து மதிப்பெண். நம் பிள்ளைகளில் இருபத்தேழு பேர், "சாலையின் இரண்டு முனையிலும் மரம் உண்டா என்று கேள்வியில் சொல்லவில்லை. உண்டு என்றால் இருபத்தொன்று. ஒரு முனையில் மட்டும் என்றால் இருபது. இரண்டிலும் இல்லை என்றால் பத்தொன்பது" என்று அவரவர் பாணியில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகள் மூன்று சாலை வரைந்து மரம் நட்டிருக்கிறாள். வெளியிலிருந்து வந்த விடைக்குறிப்பில் இருபது என்று ஓர் எண் மட்டும் இருக்கிறது. திருத்தியவர்கள் இருபத்தேழு பேருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். அந்த மதிப்பெண் இருந்திருந்தால் சராசரி கிட்டத்தட்ட அறுபத்தெட்டு.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நான்தான் இருந்தேன். கேள்வித்தாளைப் பிரித்ததுமே கண்ணில் பட்டது. எந்த விடையை எதிர்பார்க்கிறார்கள் என்றும் புரிந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். "வகுத்துட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் வாயைத் திறக்காமல் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன். அவர்கள் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள்.

வருத்தம் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லையே என்ற வருத்தம் அதில் இல்லை.

அன்புடன்,
ஆசிரியை


அக்டோபர் 12

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "இவங்களை எதிர்த்தா மனு எழுதினீங்க?" என்றாள். இரண்டு நாளாக வீட்டில் எனக்கு அந்த ஒரு கேள்விதான் சாப்பாட்டோடு பரிமாறப்படுகிறது.

நேற்று மருந்துக் கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். கையில் மகனின் விடைத்தாள். "இவன் எழுதினது சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன். "மூணு விடையும் சரியா?" மூன்றும் சரி என்றேன். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சரியா எழுதினதுக்குப் பூஜ்யம் வாங்கிட்டு வந்திருக்கான். அழுவான்னு பார்த்தா, கேள்வி தப்புப்பான்னு எனக்குப் பாடம் எடுக்கிறான்" என்றார். பிறகு அவராகவே, "வாங்க, போகலாம்" என்றார்.

இரண்டு பேரும் தலைமை ஆசிரியரைப் பார்த்தோம். அவரைக் குறை சொல்ல முடியாது. கேள்வி அரைகுறை என்று அவரே ஒத்துக்கொண்டார். "ஆனா மார்க்கை மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல. கூட்டத்துல எழுதினதை நிர்வாகத்துக்கு அனுப்பிட்டேன். அவங்க புது ஆளும் பார்த்து வெச்சுட்டாங்க" என்றார். மருந்துக் கடைக்காரர் நிபந்தனையை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். "சொன்னதை வாங்கலாம் சார், அனுப்பினதை எப்படி வாங்குறது?" என்றார் தலைமை ஆசிரியர்.

நீங்கள் வேண்டுமானால் இருக்கலாமாம். தினமும் ஒப்பிக்க வைக்க வேண்டும், நிர்வாகம் தரும் பாடக் குறிப்பேட்டைத் தாண்டக்கூடாது. அந்த நிபந்தனைக்கு நீங்கள் ஒத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமா, வருத்தமாக இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. எனக்கு நிறைய விஷயம் தெரியாது என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது. உங்களால் கிடைத்த படிப்பு அது. எட்டாவதை மூன்றாவது தடவை படித்திருந்தாலும் கிடைத்திருக்காது.

மரியாதையுடன்,
பொத்தானின் அப்பா


அக்டோபர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்னப் பள்ளி. ஒரே பெரிய அறை, எல்லா வகுப்பும் அதற்குள்தான். ஒரு ஜன்னல் இருக்கிறது, கம்பி இல்லை. திங்கட்கிழமை சேர்கிறேன். முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மனு எழுதியதற்காக இனிமேல் மன்னிப்புக் கேட்காதீர்கள். அதைச் சொல்லி எனக்கு வந்த கடிதத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. மருந்துக் கடைக்காரரிடமும் சொல்லுங்கள்.

எனக்கு இருக்கிற கவலை ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளைகளை யாராவது "அப்படித்தான், உக்காரு" என்று உட்காரவைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கமாட்டார்கள். எனக்குத் தெரியும்.

உங்கள் தங்கையாக,
ஆசிரியை


நவம்பர் 17

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். புதுப் பள்ளியில் பிள்ளைகள் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்க நினைத்தாலும், முதலில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கேட்காமல் உங்கள் முகவரியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

நாலு நாளைக்கு முன் பட்டறை வாசலில் ஒரு இளைஞர் வந்து நின்றார். ஒல்லியாக, கையில் ஹெல்மெட், சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூள். ஏதோ பால்கனி வேலை என்று நினைத்து அளவு கேட்டேன். "நான் நாலாம் வகுப்பு புது வாத்தியார் சார்" என்றார்.

எனக்கு முதலில் அவர் மேல் கோபம்தான். உங்கள் நாற்காலியில் உட்காருகிறவர் அல்லவா. "சொல்லுங்க" என்றேன், உட்காரச் சொல்லவில்லை.

"சார், மூணு வாரமா என்னால ஒரு கணக்கைக்கூட முடிக்க முடியல. போர்டுல எழுதிட்டுத் திரும்பினா அத்தனை பேரும் கையத் தூக்கி நிக்கிறாங்க. பதில் சொல்றாங்களாக்கும்னு ஒவ்வொருத்தராக் கேட்டா, எல்லாரும் கேள்வி கேக்குறாங்க."

"உக்காருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். உக்காந்துக்கிட்டுக் கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "நேத்து கடைசி வரிசைப் பிள்ளை ஒண்ணு, கடன் வாங்கிக் கழிக்கிறோமே, பக்கத்து எண்கிட்ட வாங்கின கடனை எப்ப திருப்பித் தரணும்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல சார். டிகிரி வாங்கியிருக்கேன், தெரியல. தெரியாதுன்னு சொல்லிட்டேன். பிள்ளைங்க சிரிக்கல. 'பரவால்ல சார், நாளைக்குச் சேர்ந்து பார்க்கலாம்'னு சொல்லுதுங்க. இவங்களுக்கு முன்னால யாரு பாடம் எடுத்தாங்களோ அவங்ககிட்ட நான் பேசணும். நீங்க அவங்களுக்குக் கடிதம் எழுதுவீங்கன்னு உங்க பொண்ணு சொன்னா" என்றார்.

அப்போதுதான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். எனக்கும் அவரைக் கேட்கத் தோன்றியது: ஒப்பிக்க வைக்கத்தானே உங்களை அனுப்பினார்கள், நிர்வாகம் என்ன சொல்லும்? அவர், "குறிப்பேட்டை எல்லா நாளும் மேசை மேலதான் வெச்சிருக்கேன் சார். திறக்கத்தான் நேரம் கிடைக்கல" என்றார். ஆள் பரவாயில்லை டீச்சர்.

உங்களுக்குக் கடிதம் எழுத என்னிடம் தாள் இருக்கிறதா என்று கேட்டார். என் அளவு எழுதும் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தேன். அங்கேயே, வெட்டின கம்பிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பலகை மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் முடிந்தது, இரண்டு முடிந்தது, இன்னொரு தாள் கேட்டார். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாதுதான். படிக்கவில்லை. எண்ண மட்டும் எண்ணினேன். ஆறு பக்கம். பதினோரு கேள்விக்குறி. அவர் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

அவருக்கு நீங்கள் என்ன பதில் எழுதுவீர்களோ எனக்குத் தெரியாது. பொத்தானிடம் கேட்டேன். "டீச்சர் பதில் எழுத மாட்டாங்கப்பா, திருப்பி ஒரு கேள்விதான் எழுதுவாங்க" என்றாள்.

அவர் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. தாளில் பொறி விழுந்துவிடக் கூடாதே என்று, அதுவரை வெல்டிங்கை நிறுத்திவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அண்ணன்,
பொத்தானின் அப்பா